கோடுகள் நேராகத் தெரிந்தால் பரிசோதனை வேண்டாமா?

"ஆம்ஸ்லர் கட்டத்தில் கோடுகள் நேராகத் தெரியும்வரை மாக்குலா நோயாளி கண் மருத்துவரிடம் போகத் தேவையில்லை" என்று சிலர் சொல்வது தவறு. அதை நம்பி யாரும் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது. மாக்குலா என்பது கூர்மையான பார்வையைத் தரும் விழித்திரையின் மையப் பகுதி; ஆம்ஸ்லர் கட்டம் என்பது அதைச் சோதிக்க, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளும் நடுவில் ஒரு புள்ளியும் வரைந்த தாள். கோடு வளைந்தோ மறைந்தோ தெரிந்தால் அது எச்சரிக்கைதான். ஆனால் நேராகத் தெரிவது நோய் அடங்கியிருப்பதற்குச் சான்றாகாது. விழித்திரையில் சிறிதளவு திரவம் கசியத் தொடங்கும்போதே ஓ.சி.டி. ஸ்கேன் (விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் பரிசோதனை) அதைக் காட்டிவிடும். நோயாளிக்கோ, விடுபட்ட பகுதியை மூளை தானாகவே இட்டு நிரப்பிவிடுவதாலும், இரு கண்களும் திறந்திருக்கையில் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடுவதாலும், எதுவுமே புலப்படாமல் போகலாம்.

வீட்டில் பார்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை, முறையாகப் பார்க்க வேண்டும். படிப்பதற்கான கண்ணாடியை அணிந்து, கட்டத்தைச் சுமார் 30 செ.மீ. தொலைவில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியை மட்டுமே நோக்க வேண்டும். பிறகு மறு கண். (பலர் புள்ளியை விட்டுவிட்டுக் கோடுகளின்மேல் பார்வையை ஓட்டுகிறார்கள், அதனால் குறை தெரியாமலே போய்விடும்.) புதிதாக வளைவோ இருண்ட திட்டோ தென்பட்டால், அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திராமல் உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். ஈர வகை மாக்குலா நோய்க்குக் (விழித்திரையின் அடியில் இரத்தக்குழாய்கள் வளர்ந்து திரவம் கசியும் வகை) கண்ணில் ஊசி போட்டுக்கொள்பவர்கள், கட்டம் சரியாகத் தெரிகிறதே என்று ஒரு தவணையைக்கூடத் தாமாகத் தவிர்க்கக் கூடாது. அந்த இடைவெளியில் இழக்கும் பார்வை பின்னர் முழுமையாகத் திரும்பாமலே போகலாம்.