ஓட்டுப் போடாதவர் வீடு மாறிவிட்டாரா?

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நம்மாட்களில் பலர் அதிபர் தேர்தலுக்கு மட்டும் ஓட்டுப் போடுவார்கள். நடுவில் வரும் பள்ளி வாரியம், நகர மன்றமெல்லாம் "அதுக்கெல்லாம் யாருப்பா போறது" ரகம். இந்தியாவில் பத்து வருஷம் ஓட்டே போடாவிட்டாலும் அந்த ஒரு காரணத்துக்காகப் பட்டியலிலிருந்து பேரை எடுக்க மாட்டார்கள். அதே நினைப்பில் இங்கேயும் இருந்துவிடுகிறோம்.

இங்குள்ள சட்டமும் மேலோட்டமாக அப்படித்தான் தெரியும். ஓட்டுப் போடவில்லை என்பதற்காக மட்டும் பேரை நீக்கக் கூடாது என்கிறது 1993ஆம் ஆண்டின் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம். பின்வாசல் ஒன்றையும் அதுவே திறந்து வைத்திருக்கிறது. ஒருவர் வீடு மாறியிருப்பார் என்று தோன்றினால், "இன்னும் இதே விலாசத்தில்தான் இருக்கிறீர்களா?" என்று தேர்தல் அலுவலகத்திலிருந்து ஒரு கார்டு வரும். தபால்தலைகூட ஒட்ட வேண்டாம், நிரப்பிப் பெட்டியில் போட்டால் போதும். போடாமல் விட்டு, அடுத்த இரண்டு கூட்டாட்சிப் பொதுத்தேர்தல் (இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது) முடியும்வரை எந்தத் தேர்தலிலும் தலைகாட்டாவிட்டால் பேர் போய்விடும்.

ஒஹாயோ மாநிலம் இன்னும் ஒரு படி மேலே. இரண்டு வருஷம் ஓட்டுப் போடாதவருக்கே அந்தக் கார்டு போகும். லாரி ஹார்மன் முன்னாள் கடற்படை வீரர். 2008இல் ஓட்டுப் போட்டார். 2012இல் வேட்பாளர்களைப் பிடிக்காததால் ஓட்டுப் போடவில்லை. 2015இல் கஞ்சாவை அனுமதிக்கலாமா என்ற வாக்கெடுப்புக்குப் போனால் பட்டியலில் பேர் இல்லை. ஆள் வீடு மாறவே இல்லை. கார்டு வந்த ஞாபகமும் இல்லை என்றார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2018 ஜூனில் 5-4 என்ற கணக்கில் ஒஹாயோ ஜெயித்தது.

எதிர்த்துத் தீர்ப்பெழுதிய நீதிபதி பிரையர் ஒரு கணக்குச் சொன்னார். 2012இல் ஒஹாயோ அனுப்பிய கார்டு சுமார் 15 லட்சம். அதில் 10 லட்சத்துக்கும் மேல் பதிலே வரவில்லை. அத்தனை பேருமா ஊரைக் காலி செய்தார்கள்? பீட்சா கூப்பன், சோலார் விளம்பரத்தோடு சேர்ந்து ரீசைக்கிள் தொட்டிக்குப் போயிருக்கும், வேறென்ன!

பட்டியலைச் சுத்தப்படுத்த வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. செத்தவர் பேரை எடுக்கட்டும். இடம் மாறியவர் விவரம் தபால்துறையிடமே இருக்கிறது, அதைப் பயன்படுத்தச் சட்டமும் வழிவிடுகிறது. சும்மா இருந்ததையே வீடு மாறியதற்கு அறிகுறியாக எடுத்துக்கொள்வது அநியாயம் என்பேன்.

தீர்ப்பு வந்தது வந்ததுதான். ஆகவே உங்கள் மாநிலத் தேர்தல் தளத்தில் பேரைப் போட்டுப் பாருங்கள். 'இன்ஆக்டிவ்' என்றிருந்தால் பதற வேண்டாம், பேர் இன்னும் இருக்கிறது. விலாசத்தை உறுதிசெய்துவிட்டு ஓட்டுப் போடலாம். கார்டு வந்த பிறகு பள்ளி வாரியத் தேர்தலில் போட்ட ஓட்டும் கணக்கில் சேரும். பேரே போயிருந்தால் புதிதாகப் பதிய வேண்டும். டெக்சாஸ், ஒஹாயோவில் அதைத் தேர்தலுக்கு 30 நாள் முன்பே முடித்தாக வேண்டும். மின்னசோட்டா, விஸ்கான்சின்காரர்கள் அன்றைக்கே சாவடியில் பதிந்துகொள்ளலாம். வட டகோட்டாவில் வாக்காளர் பதிவே கிடையாது, கொடுத்துவைத்தவர்கள்.