ஹெட்கார்டு போட்டால் மூளைக்கு ஆபத்து இல்லையா?

குத்துச்சண்டையில் தலைக்குக் கட்டும் ஃபோம் கவசம்தான் ஹெட்கார்டு; பயிற்சிக்காக இருவர் மோதிக்கொள்வது ஸ்பாரிங். “ஹெட்கார்டு போட்டுக்கொண்டால் ஸ்பாரிங்கில் எவ்வளவு பலமாக அடி வாங்கினாலும் மூளைக்கு ஒன்றும் ஆகாது” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

புருவம் கிழிவதையும் காது வீங்குவதையும் ஹெட்கார்டு நன்றாகவே குறைக்கும். அதற்காகப் போடத்தான் வேண்டும். ஆனால் மூளை அதிர்ச்சி வரும் வழி வேறு. தாடையில் ஒரு ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) விழுந்தால் தலை சட்டென்று திரும்புகிறது. மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மூளையும் கூடவே சுழல, நரம்பிழைகள் இழுபடுகின்றன. வெளியே கட்டிய ஃபோம் இந்தச் சுழற்சியை நிறுத்தாது.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கட்டாயமான ஹெட்கார்டை, 2013இல் சர்வதேச குத்துச்சண்டைச் சங்கம் ஆண்களின் உயர்நிலைப் போட்டிகளிலிருந்து எடுத்துவிட்டது. 2016 ரியோவில் ஆண்கள் அது இல்லாமலே மோதினார்கள். அந்த முடிவு சரியா என்பது தனி விவாதம்.

எனக்குக் கவலை, “நிஜச் சண்டை மாதிரி இருக்கணும்” என்று பிள்ளைகளை முழு வேகத்தில் மோதவிடும் பயிற்சியாளர்களுக்கு இந்தச் செய்தி தைரியம் கொடுப்பதுதான். மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்றில்லை. தலைவலி, வாந்தி, தடுமாற்றம், ஞாபகக் குழப்பம் எது வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அந்தப் பிள்ளை மறுபடி ஸ்பாரிங்கில் இறங்கக் கூடாது.