கைடில் இல்லாத மெட்ராஸ்

அக்கா மகள் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "சித்தி, வால்டனுக்கு நோட்ஸ் வச்சிருக்கீங்களா? அமெரிக்கன் லிட்ரேச்சர் பேப்பர். சம்மரி இருந்தா போதும்."

இருந்தது. இருபது வருடமாகப் பரணில் கிடக்கிற ஜெராக்ஸ் கட்டு. வால்டன் என்பது தோரோ என்ற அமெரிக்கர், வால்டன் குளக்கரையில் குடிசை கட்டி எளிமையாக வாழ்ந்ததைப் பற்றி எழுதிய புத்தகம். அதற்கு இந்தக் கட்டில் நான்கு பக்கம். நான்கிலும் திரும்பத் திரும்ப வருவது ஒரே சொல், எமர்சன், தோரோ கூட்டத்தின் தத்துவத்துக்குப் பெயர்: டிரான்சென்டென்டலிசம். அதை ஸ்பெல்லிங் தப்பில்லாமல் எழுதிவிட்டால் பாதி மார்க் வந்துவிடும் என்பது எங்கள் விடுதியின் அசைக்க முடியாத நம்பிக்கை. மூலநூலை வகுப்பில் யாரும் கையில் வைத்திருந்ததாக நினைவில்லை. பாடம் நடத்தியவரும் நோட்ஸைத்தான் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஒரே செமஸ்டரில் எமர்சன், விட்மன், டிக்கின்சன், ஓநீல், மில்லர் எல்லாரையும் ஓட்டி முடிக்க வேண்டும். மெல்வில் எழுதிய, 135 அத்தியாயமுள்ள திமிங்கில நாவல் மோபி டிக்கை ஒன்றரைப் பக்கத்தில் கரை சேர்த்தோம். திமிங்கிலத்துக்கே அந்தக் கதி.

நான் வால்டனை முழுதாகப் படித்தது அதற்கு எட்டு வருடம் கழித்து. அப்போது சென்னையில் வேலை, திருவல்லிக்கேணியில் பெண்கள் விடுதி. தினமும் இறங்குவது ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்பில். குளத்தின் குளிர்காலம் பற்றிய அத்தியாயத்தில் ஒரு வரி வந்தது. சார்ல்ஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா ஊர்களில் வெயிலில் வேகிற ஜனங்கள் என் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்கிறார் தோரோ. மெட்ராஸ்! கைடில் இல்லாத மெட்ராஸ். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி நியூ இங்கிலாந்துக் குளங்களில் உறைந்த ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றிக்கொண்டிருந்தார். 1833-இல் அவருடைய கப்பல் நான்கு மாதம் பயணம் செய்து கல்கத்தா போய்ச் சேர்ந்தது. கிளம்பும்போது 180 டன், சேரும்போது 100 டன் சொச்சம். அப்படி மெட்ராஸுக்கு வந்த ஐஸை இறக்கி வைக்கத்தான் நம் கடற்கரையில் அந்த வட்டக் கட்டடம். பின்னாளில் அது ஒரு வக்கீலின் வீடாகி, 1897-இல் விவேகானந்தர் வந்து தங்கி, இப்போது விவேகானந்தர் இல்லம். ஐஸ் போய் நூறு வருடத்துக்கு மேலாகியும் பஸ் ஸ்டாப்பின் பெயர் மட்டும் கரையவில்லை.

1846-47 குளிர்காலத்தில் நூறு ஐரிஷ் கூலிகள் தினமும் வால்டன் குளத்துக்கு வந்து ஐஸ் வெட்டுவதை தோரோ குடிசையிலிருந்து வேடிக்கை பார்க்கிறார். பத்தாயிரம் டன் இருக்கும் என்று மதிப்பிட்ட குவியலை வைக்கோலும் பலகையும் போட்டு மூடி வைக்கிறார்கள். ஜூலையில் பிரித்துக் கொஞ்சம் எடுத்துப் போகிறார்கள். மிச்சம் அங்கேயே கிடந்து, 1848 செப்டம்பரில்தான் முழுதாகக் கரைகிறது. பெரும்பங்கைக் குளமே திரும்ப வாங்கிக்கொண்டது என்று எழுதுகிறார். ஆக, வால்டன் ஐஸில் எத்தனை கட்டி நம் ஊர் வந்திருக்குமோ! ஆனாலும் கணக்கை மறைக்காமல் எழுதிய மனிதரைப் பிடித்துப்போனது.

கணக்கு என்றால் சாதாரணக் கணக்கு இல்லை. குடிசை கட்டிய செலவைப் பட்டியலே போட்டிருக்கிறார். பலகை 8 டாலர் மூன்றரை சென்ட். பழைய செங்கல் ஆயிரம், 4 டாலர். சுண்ணாம்பு 2.40, பக்கத்திலேயே 'விலை ஜாஸ்தி' என்று ஒரு குறிப்பு. ஆணி 3.90. சாக்பீஸ் 1 சென்ட். மொத்தம் 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். எங்கள் தாத்தா வீடு கட்டியபோது எழுதிய நோட்டும் இப்படித்தான் இருக்கும், கொத்தனார் டீ செலவு உட்பட. தோரோவின் இடத்துக்கு வாடகை இல்லை. நிலம் எமர்சனுடையது.

அந்தப் பலகை வந்த வழிதான் என்னை உறுத்தியது. ரயில்பாதை வேலைக்கு வந்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ்காரரின் குடிசையை 4.25 டாலருக்கு வாங்கி, அவர்கள் காலி செய்த அன்றைக்குக் காலையிலேயே பிரிக்கிறார். வழியில் எதிரே அந்தக் குடும்பம் வருகிறது. படுக்கை, காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷின், கண்ணாடி, கோழிகள் எல்லாம் ஒரே மூட்டை. பூனை மட்டும் காட்டுக்குள் ஓடிவிட்டது. எளிமையாக வாழ்வது எப்படி என்று புத்தகம் எழுதப் போகிறவர், வேறு வழியில்லாமல் எளிமையாக வாழ்கிறவர்களைத் தாண்டிப் போகிறார். பரீட்சையில் கேட்க இதைவிட நல்ல கேள்வி உண்டா? எங்களிடம் கேட்டது 'தோரோ ஓர் இயற்கைவாதி, விவரி'.

கைடு செய்கிற இன்னொரு அநியாயம், இவர்களெல்லாம் பிறக்கும்போதே கிளாசிக்காகப் பிறந்தவர்கள் மாதிரி எழுதுவது. தோரோவின் முதல் புத்தகம் ஆயிரம் பிரதி அச்சாகி, 706 அவர் வீட்டுக்கே திரும்பி வந்தது. கிட்டத்தட்ட 900 புத்தகமுள்ள நூலகம் என்னிடம் இருக்கிறது, அதில் 700-க்கு மேல் நானே எழுதியவை என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். மெல்வில் பிழைப்புக்காக 19 வருடம் நியூயார்க் சுங்கத்துறையில் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தார். இவர்களை ஒரே வரிசையில் உட்காரவைத்து மரியாதை செய்ததில் பெரிய பங்கு 1941-இல் மத்தியசன் எழுதிய ஒரு கனத்த விமர்சன நூலுக்கு உண்டு. அதில் ஐந்து பேர், ஐந்தும் ஆண்கள். 1852-இல் வந்து ஒரே வருடத்தில் மூன்று லட்சம் விற்ற 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலை எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவுக்கு அந்த வரிசையில் இடமில்லை. இதை ஒரு பீரியடில் சொல்லியிருந்தால் சிலபஸையே வேறு கண்ணோடு பார்த்திருப்போம்.

நான் துணைவேந்தரானால் (பயப்படாதீர்கள்) அமெரிக்க இலக்கியப் பேப்பரில் பாதியை வெட்டிவிடுவேன். ஒரு செமஸ்டருக்கு மூன்றே புத்தகம், வகுப்பிலேயே சத்தமாக வாசிப்பது. இங்கிலீஷ் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு இது கஷ்டம் என்பார்கள். நானும் தடுமாறிய பிள்ளைதான். ஆணி 3.90 என்பது எனக்குப் புரிந்தது. டிரான்சென்டென்டலிசம்தான் இன்றுவரை சரியாகப் புரியவில்லை.

சரி, அக்கா மகளுக்கு ஜெராக்ஸை அனுப்பவில்லை. குடிசை கட்டுகிற பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினேன். "இது எத்தனை மார்க் சித்தி?" என்று கேட்டாள். பதில் போடவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு அவளே எழுதியிருந்தாள்:

"சித்தி, அந்தப் பழைய குடிசையைப் பிரிக்கறப்போ பக்கத்து வீட்டு ஆள் நல்ல ஆணியா பாத்து பாக்கெட்டுல போட்டுக்கறான். அவன் மட்டும் திருடலைன்னா இவருக்கு மூணு டாலர் தொண்ணூறுல கொஞ்சமாவது மிச்சமாகியிருக்கும்ல?"