பிரான்சிஸ் படிப்புக்கு எதிரியா?
எளிமையா வாழ்ந்த புனிதர் அசிசி பிரான்சிஸ் பேரைச் சொல்லி யுனிவர்சிட்டி நடத்துறதே முரண்னு கட்டுரைல எழுதிருக்கீங்க, அங்கதான் இடிக்குது, படிப்பே வேணாம்னு அவர் எங்க சொன்னாரு, நம்ம ஊர்ல செவ்வாய்க்கிழமை கூட்டம் அலைமோதுதே அதே அந்தோணியாருக்கு, ஜெபத்தை விட்டுடாம சகோதரர்களுக்கு இறையியல் சொல்லிக்குடுங்கன்னு பிரான்சிஸே லெட்டர் போட்டிருக்காரு. நியூயார்க் மாநிலத்துல 1858ல பிரான்சிஸ்கன் சாமியாருங்க (பிரான்சிஸ் ஆரம்பிச்ச சபைக்காரங்க) தொடங்கின செயின்ட் பொனவெஞ்சர் யுனிவர்சிட்டிய எடுத்துக்கோங்க, அந்த பொனவெஞ்சரே அதே சபைத் துறவி, பாரிஸ்ல வாத்தியாரா இருந்தவரு, போப்புக்கு அடுத்த கர்தினால் பதவிக்கான தொப்பி கொண்டாந்தப்ப பாத்திரம் கழுவிட்டு இருந்தாராம், கை ஈரமா இருக்கு அந்த மரத்துல மாட்டிட்டு இருங்கன்னாராம் (கதைதான், ஆனா எனக்குப் பிடிச்ச கதை). அங்க படிக்கிற பசங்க பக்கத்துல ஓலியன் டவுன்ல 1974லேர்ந்து இல்லாதவங்களுக்கு சூடா சாப்பாடு போடுற இடம் ஒண்ணு நடத்திட்டு வர்றாங்க. ஃபீஸ் ஏன் இவ்ளோன்னு கேளுங்க, அது நியாயமான கேள்வி.