'போர்க்கால' பிட்சராம்!

நேற்று அண்ணன் ஒருவர் பேஸ்பால் பற்றிப் பேசிய லைவைப் பார்த்தவர்களுக்கு நான் எதற்குக் கொதிக்கிறேன் என்று தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கலக்கிய அமெரிக்க பேஸ்பால் பிட்சர் (பந்தை எறிபவர்) ஹால் நியூஹவுசர் பெயரை எடுத்ததுமே அண்ணன் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு! "ஆள் இல்லாத கிரவுண்டில் ஜெயித்தவர்தானே?" நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் போருக்குப் போயிருந்தார்களாம்.

சரி. டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்காக அவர் கணக்கில் 1944-இல் 29 வெற்றி, 1945-இல் 25. இரண்டு வருடமும் அமெரிக்கன் லீக் எம்விபி, அதாவது அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. அடுத்தடுத்து அந்த விருதை வாங்கிய பிட்சர் இன்றுவரை வேறு யாரும் இல்லை. பெரிய மட்டையாளர்கள் டெட் வில்லியம்ஸும் டிமாஜியோவும் அப்போது ராணுவத்தில் இருந்தார்கள், நான் மறுக்கவில்லையே. 1946-இல் திரும்பி வந்துவிட்டார்களே அண்ணா? அந்த வருடம் 26 வெற்றி. பிட்சர் பொறுப்பில் சேரும் ரன் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக இரண்டுகூட இல்லை, 1.94. கடற்படையிலிருந்து திரும்பிய இன்னொரு பெரிய பிட்சர் பாப் ஃபெல்லருக்கும் அதே 26தான். 1948-இல் மறுபடி 21. அப்போது எந்தப் போர் நடந்தது?

"1943-இல் 17 தோல்வியாச்சே" என்பீர்கள். அதுவும் போர்க்காலம்தானே ஐயா! ஆள் இல்லாத கிரவுண்டு என்றால் அப்போதே அள்ளியிருக்க வேண்டுமே. சக ஆட்டக்காரர் பந்தைத் தவறவிட்டாலே எரிந்து விழுகிற பையன் அவர். கேட்சர் (பிட்சர் எறிவதைப் பிடிப்பவர்) பால் ரிச்சர்ட்ஸ் கூடவே இருந்து அந்தக் கோபத்தை அடக்கப் பழக்கிய பிறகுதான் ஆளே மாறினார்.

ராணுவத்துக்குப் போகாமல் தப்பித்தாராம். இதயத்தில் கோளாறு, திரும்பத் திரும்பப் போய் நின்றும் சேர்த்துக்கொள்ளவில்லை. இதற்கும் சிரிப்பீர்களா?

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், நான் 2021 பிளஸ் டூ. ஒரு இன்டர்வியூவில் சான்றிதழைப் புரட்டியவர், "ஓ, ஆல் பாஸ் பேட்சா" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார். பரீட்சையை ரத்து செய்தது நானா? அப்புறம் கல்லூரியில் ஹாலில் உட்கார்ந்து எழுதித் தேறியதெல்லாம் எந்தக் கணக்கு? அந்தப் பக்கத்தை அவர் புரட்டவே இல்லை.

நியூஹவுசருக்கு ஹால் ஆஃப் ஃபேம், அதாவது பேஸ்பால் சாதனையாளர் மண்டபத்தில் இடம், கிடைத்தது 1992-இல், 71 வயதில். அத்தனை வருடம் இழுத்தடித்ததும் இதே பேச்சுதான். அதே 1992-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்கு ஸ்கவுட்டாக (புது ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிப்பவர்) இருந்தவர், டெரெக் ஜீட்டர் என்கிற பள்ளிக்கூடப் பையனைத்தான் எடுக்க வேண்டும் என்று மன்றாடினார். கிளப் கேட்கவில்லை. மனுஷன் வேலையையே உதறிவிட்டுப் போனார். ஜீட்டர் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் போய் 5 உலகத் தொடர் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டி) ஜெயித்தார். அதுவும் ஆள் இல்லாத கிரவுண்டுதானா அண்ணா?