364 பரிசுகளும் ஒரு டைட்டில் கார்டும்

கிறிஸ்துமஸ் லீவில் மகளோடு பார்க்க ஏதாவது பழைய படம் தேடியபோது மாட்டியது 'ஆன் தி ட்வெல்ஃப்த் டே'. 1955இல் வந்த பிரிட்டிஷ் குறும்படம். இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும், வசனமே கிடையாது. 'ட்வெல்வ் டேஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்' என்ற பழைய பாட்டுதான் மொத்தக் கதையும்.

பாட்டு தெரியாதவர்களுக்கு: காதலன் முதல் நாள் பேரிக்காய் மரத்தில் உட்கார்ந்த கவுதாரி ஒன்றை அனுப்புகிறான். மறுநாள் இரண்டு புறா, கூடவே இன்னொரு கவுதாரி. மூன்றாம் நாள் மூன்று கோழி, இரண்டு புறா, திரும்பவும் கவுதாரி. இப்படியே பன்னிரண்டு நாள். மகள் நோட்டில் கூட்டிப் பார்த்து மொத்தம் 364 என்றாள். நம்பாமல் நானும் கூட்டினேன். 364தான். படத்தில் அவன் இத்தனையையும் நிஜமாகவே கொண்டுவந்து அந்தப் பெண்ணின் வீட்டில் இறக்குகிறான். காதலாவது கத்தரிக்காயாவது, நிற்க இடமில்லை அவளுக்கு! அந்தப் பெண்ணாக நடித்த வெண்டி டாய்தான் படத்தின் இயக்குநரும். ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம்.

எனக்கு மண்டையில் உட்கார்ந்துகொண்டது இசைதான். யோசித்துப் பாருங்கள், ஒரே பாட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி கூடும். பழைய வரிகள் எதையும் விட முடியாது. நம் வீட்டில் யாராவது பாடினால் ஆறாவது நாளே 'போதும் நிறுத்து' என்போம். இங்கே கவுதாரி பன்னிரண்டாம் முறை வரும்போதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அது சும்மா வராது. டைட்டிலுக்குத் திரும்பிப் போய்ப் பெயரைப் படித்தேன்: டோரீன் கார்விதன்.

1922இல் பக்கிங்ஹாம்ஷர் கிராமம் ஒன்றில் பிறந்தவர். லண்டன் ராயல் இசை அகாடமியில் படித்தார். 1947இல் ஜே. ஆர்தர் ராங்க் திரைப்பட நிறுவனம் திரை இசை பழக ஆள் எடுத்தபோது தேர்வானார். முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள். எலிசபெத் ராணியின் 1953 முடிசூட்டு விழாப் படத்துக்கு மூன்றே நாளில் இசை எழுதிக் கொடுத்தாராம். பியானோவை முன்னிறுத்தி இசைக்குழு வாசிக்கும் கான்செர்ட்டோ, நான்கு தந்தி வாத்தியங்களுக்கான குவார்ட்டெட்டுகள் எல்லாம் தனி.

அப்புறம்? 1961இல், தனக்குப் பாடம் சொன்ன வில்லியம் ஆல்வினோடு சஃபோக்கில் குடியேறினார். அவரும் பெரிய இசையமைப்பாளர். அவருக்குச் செயலாளர், பிரதி எடுப்பவர் எல்லாமே இவர்தான். 1975இல் திருமணம், அதன்பின் இவர் பெயர் மேரி ஆல்வின். 1985இல் கணவர் இறந்ததும் அவருடைய படைப்புகளுக்கு ஆவணக் காப்பகம் அமைத்தார்.

இதை 'உலகம் மறந்த மேதை' என்று ஒரே வரியில் எழுதிவிட எனக்கு மனசு வரவில்லை. உலகம் மட்டுமா மறந்தது? அந்த வீட்டில் இரண்டு இசையமைப்பாளர்கள் இருந்தார்கள், பிரதி எடுத்தது ஒருவர்தான். அவர் விரும்பியே செய்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு 'தியாகம்' என்று பொன்னாடை போர்த்தினால் எனக்கு எரிச்சல் வரும். கவுதாரியைப் பன்னிரண்டு முறை அலுக்காமல் கொண்டுவரத் தெரிந்த கை அது.

1990களில், அவருடைய எழுபதுகளில், இசை நடத்துநர் ரிச்சர்ட் ஹிக்காக்ஸ், லண்டன் சிம்பொனி இசைக்குழுவை வைத்து அவர் படைப்புகளைப் பதிவு செய்தார். ஒரு வாரமாக என் காதில் அதுதான் ஓடுகிறது. மகளுக்கு கான்செர்ட்டோ எல்லாம் வேண்டாமாம், கவுதாரியைப் போடச் சொல்கிறாள்.