ஒரே கேமுக்கு 9-ம் உண்டு, 66-ம் உண்டு

போன வாரம் சித்தி பையன் போன் செய்தான். ஏஜென்ட் 47 என்ற கூலிக் கொலையாளியாக நாம் ஆடும் 'ஹிட்மேன்' வீடியோ கேம் வரிசையின் புதிய மூன்று பாகங்களையும் கரைத்துக் குடித்தவன். தள்ளுபடியில் கிடைத்தது என்று 'ஹிட்மேன்: அப்சொல்யூஷன்' வாங்கி ஆட ஆரம்பித்திருக்கிறான்.

"அண்ணே, நல்லாத்தானே இருக்கு. இதையா அந்தக் காலத்துல அப்படிக் கழுவி ஊத்துனீங்க?"

"எதுவரைக்கும் வந்திருக்கே?"

"சைனாடவுன் லெவல் முடிச்சிட்டேன்."

"சரி, லைப்ரரி முடிச்சிட்டுக் கூப்பிடு" என்று வைத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து ஒரு மெசேஜ். "அண்ணே, இந்த போலீஸ்காரனுங்களுக்கு என்னதான் பிரச்சினை?"

அதைப் பார்த்ததும் 2012 நவம்பர் அப்படியே கண்முன்னால் வந்துவிட்டது. அந்த மாதம் 20-ம் தேதிதான் கேம் வெளிவந்தது. முந்தைய பாகமான 'பிளட் மணி' வந்தது 2006-இல். ஆறு வருடக் காத்திருப்பு. அந்த ஆறு வருடத்தில் பிளட் மணியை எத்தனை முறை ஆடியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆகவே புதியது வந்தவுடன் ரிவ்யூக்களைத்தான் முதலில் தேடினேன். ஐஜிஎன் என்ற கேம் இணையதளம் பத்துக்கு 9 கொடுத்திருந்தது. பிசி கேமர் பத்திரிகை நூற்றுக்கு 66. ஒரே கேம்தானா, இல்லை ஆளுக்கொரு கேமை அனுப்பிவிட்டார்களா என்று சந்தேகமே வந்தது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 9 கொடுத்தவருக்குக் காசு போயிருக்கிறது என்றது ஒரு பக்கம். 66 கொடுத்தவருக்குப் பழசைக் கட்டிக்கொண்டு அழும் நோய் என்றது இன்னொரு பக்கம். நானும் முதல் பக்கத்தில் நின்று கொஞ்சம் சத்தம் போட்டவன்தான். ஆதாரம் ஏதாவது இருந்ததா? ஒன்றும் இல்லை. நமக்குப் பிடிக்காததை ஒருவர் பாராட்டினால் அவர் விலைபோனவர் என்று சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

இன்றைக்கு யோசித்தால் அந்த இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. ஸ்டெல்த் கேமை, அதாவது யார் கண்ணிலும் படாமல் பதுங்கி ஆடும் கேமை, ஒருமுறை ஆடி மார்க் போடுவதில்தான் கோளாறு.

வாடகை வீடு பார்க்கப் போவது மாதிரி அது. முதல் நாள் போனால் வெளிச்சம் தெரியும், தரை தெரியும், பால்கனி தெரியும். எந்தக் குழாயில் தண்ணீர் சொட்டும், எந்த அறையில் மழைக்கு ஓதம் ஏறும் என்பதெல்லாம் குடியிருந்து பார்த்தால்தான் தெரியும். ஸ்டெல்த் கேமில் முதல் ஆட்டம் வெறும் ஒத்திகை. எங்கே யார் நிற்கிறான் என்று தெரியாமல் மாட்டுவோம், சுட்டுத் தள்ளித் தப்பிப்போம், ஒரு பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு மூச்சு வாங்குவோம். இரண்டாவது, மூன்றாவது ஆட்டத்தில்தான் இந்த ஆள் இத்தனை நொடிக்கு ஒருமுறை சிகரெட் பிடிக்க வெளியே வருவான், அப்போது அந்தக் கதவு திறந்திருக்கும் என்ற கணக்கு மனதில் ஏறும். ரிவ்யூ எழுதுபவருக்கு அதற்கு ஏது நேரம்? கேம் கடைக்கு வருவதற்குள் சில நாளில் முடித்து எழுதிக் கொடுத்தாக வேண்டும். அவர் சொல்வது முதல் நாள் பார்த்த வீட்டைப் பற்றி. ரசிகன் சண்டை போடுவது நாலு வருடம் குடியிருக்கப்போகும் வீட்டைப் பற்றி.

பிளட் மணியில் பாரிஸ் ஓப்பரா அரங்கு லெவல் ஒன்று உண்டு. ஆடியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மேடையில் ஒத்திகை நடக்கிறது. பாடகரைச் சுட்டுக் கொல்வது போல ஒரு காட்சி. நடிகர் கையில் இருப்பது விளையாட்டுத் துப்பாக்கி. அது இருந்த இடத்தில் அதே மாதிரியான நிஜத் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போய்விடலாம். அப்புறம் நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கோட் சூட்டோடு ஓர் ஓரமாக நின்று பாட்டுக் கேட்டால் போதும். காட்சி வரும், துப்பாக்கி வெடிக்கும், பாடகர் விழுவார். சில நொடிகளுக்கு அது நடிப்பில்லை என்று யாருக்குமே உறைக்காது. உறைத்ததும் அவருடைய நெருங்கிய நண்பரான தூதர் பதறிப்போய் மேடைக்கு ஓடிவருவார். நம்முடைய இரண்டாவது இலக்கு அவர்தான். மேலே தொங்கும் பெரிய சரவிளக்கில் முன்கூட்டியே குண்டு வைத்திருந்தோமானால், கதை முடிந்தது. ஒரு தோட்டாகூட நாம் சுடவில்லை. வந்த வழியே நடந்து வெளியே போகலாம்.

இதை முதல் தடவையிலேயே கண்டுபிடித்தவர் யாராவது இருக்கிறாரா? நான் ஐந்தாவது ஆட்டத்திலோ ஆறாவது ஆட்டத்திலோதான் இந்த வரிசைக்கே வந்தேன்.

இப்போது அப்சொல்யூஷன். கதை என்னவென்றால், ஏஜென்ட் 47-க்கு இத்தனை நாள் வேலை கொடுத்துவந்த டயானாவையே முடிக்கச் சொல்லி உத்தரவு வருகிறது. அங்கிருந்து விக்டோரியா என்ற சிறுமியைக் காப்பாற்றும் பொறுப்பு அவன் தலையில் விழுகிறது. சிகாகோ, அப்புறம் தெற்கு டகோட்டாவில் ஹோப் என்ற சிற்றூர் என்று ஓட்டம். கதையைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. ஹிட்மேனைக் கதைக்காக ஆடியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

சைனாடவுன் லெவல் அருமை. அதை அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். சின்னச் சதுக்கம், நெரிசலில் நூற்றுக்கணக்கான தலைகள், நடுவில் ராஜா மாதிரி உலாத்தும் ஒரு தாதா. அவன் சாப்பாட்டில் விஷம் வைக்கலாம். காருக்குக் குண்டு வைக்கலாம். அவனுக்குப் போதைப்பொருள் கொடுப்பவனுடைய வீட்டுக்குள் புகுந்து, அங்கிருக்கும் ஸ்னைப்பர் துப்பாக்கியாலேயே ஜன்னல் வழியாகச் சுடலாம். மீன் சந்தையில் கிடைக்கும் விஷ மீன் ஒன்றும் இருக்கிறது. பிளட் மணியின் ரத்தம் ஓடுகிற லெவல்.

அதைத் தாண்டி இரண்டு லெவல் போனால் லைப்ரரி. ஹோட்டல் தீப்பிடித்து எரிகிறது, போலீஸ் துரத்துகிறது, கைவிடப்பட்ட நூலகம் வழியாகத் தப்ப வேண்டும். கொல்ல வேண்டிய ஆள் என்று யாரும் இல்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக் கதவுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். கேமில் இப்படிக் கதவு தேடும் லெவல்கள் நிறைய. முதல் ஆட்டத்தில் இது தெரியாது. ஹெலிகாப்டர் விளக்கு புத்தக அலமாரிகளுக்கு இடையே வெட்டிக்கொண்டு போவதைப் பார்த்து வாய் பிளப்போம். நானும் பிளந்தேன். மூன்றாவது ஆட்டத்தில் அதே விளக்கு, அதே அலமாரி, அதே கதவு. கண்டுபிடிக்க மிச்சம் எதுவுமே இல்லை.

சித்தி பையன் கேட்ட போலீஸ் பிரச்சினை வேறு. அதுதான் பெரிய பிரச்சினை. ஹிட்மேன் என்றாலே மாறுவேடம். சமையல்காரன் உடையைப் போட்டால் சமையலறைக்குள் போகலாம், காவலாளி உடையைப் போட்டால் வாசலைத் தாண்டலாம். அப்சொல்யூஷனில் ஒரு புது விதி வைத்தார்கள்: அதே உடை போட்டவர்கள் எல்லாருக்கும் நம்மேல் சந்தேகம் வரும். சமையல்காரனுக்குச் சமையல்காரனைத் தெரியுமாம். மூன்று பேர் இருக்கும் சமையலறையில் இது நியாயமான விதி. ஆனால் சிகாகோ போலீஸில் பத்தாயிரம் பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள். தெருவின் அந்தக் கோடியில் நிற்கும் கான்ஸ்டபிள் நம்மை இரண்டு நொடி முறைத்துவிட்டு, "இவன் நம்மாள் இல்லையே" என்று கண்டுபிடிக்கிறான். அத்தனை பேர் முகமும் அவனுக்கு மனப்பாடம் போல! போலீஸ் நிறைந்த லெவலில் போட்டுக்கொள்ளக் கிடைப்பதும் போலீஸ் உடைதான். அந்த உடையோ போலீஸிடம் எடுபடாது. அப்புறம் எதற்கு அதைக் கழற்றி மாட்டுவது?

இதற்கு மருந்தாக 'இன்ஸ்டிங்ட்' என்று ஒன்று கொடுத்தார்கள். பட்டனை அழுத்திப் பிடித்தால் 47 தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டு நடப்பான், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பிடித்திருக்கும்வரை மீட்டர் கரையும். கஷ்டமான நிலைகளில் அது தானாக நிரம்பாது. உச்சகட்ட 'பியூரிஸ்ட்' நிலையில் அது கிடையவே கிடையாது. ஆக, கேமின் உயிரான மாறுவேடத்தை முடக்கிவிட்டு, அதைத் திரும்பத் தருவதற்கு ஒரு பட்டனை விற்றார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில் மட்டும்தான்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய கேமில் நிலைமை எதிர்ப்பக்கம் இருந்தது. மொட்டைத்தலை, பின்மண்டையில் பார்கோடு, ஆறடிக்கு மேல் உயரம். இப்படி ஒருவன் எந்த உடையில் வந்தாலும் முக்கால்வாசிப் பேர் சல்யூட் அடித்துவிட்டுப் போவார்கள். அதில் ஒரு படபடப்பைக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தது தப்பே இல்லை. அளவு தெரியாமல் போட்டுவிட்டார்கள், உப்பு மாதிரி. 2016-இல் வந்த அடுத்த ஹிட்மேனில் அதே விதி இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட சிலர் மட்டும்தான் நம்மை அடையாளம் காண்பார்கள், அவர்கள் தலைக்கு மேல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி ஒன்றிலேயே மொத்தக் கேமும் மாறிவிட்டது.

நம்ம ஊர் பாடு ஒன்றும் இதில் உண்டு. பழைய பாகத்தில் எண்ணிக்கைக்குள் எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்துகொள்ளலாம். இதில் அது போய், லெவலுக்குள் ஆங்காங்கே இருக்கும் செக்பாயிண்ட்டைத் தேடிப் போய்த் தொட வேண்டும். 2012-இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்குக் கரண்ட் எப்படி இருந்தது என்று நினைவிருக்கும். பதுங்கிப் பதுங்கி நாற்பது நிமிடம் போய், செக்பாயிண்ட் கண்ணில் படும் நேரத்தில் ஸ்கிரீன் அணைந்துவிடும். யுபிஎஸ் கத்தும் சத்தத்தைக் கேட்டு அம்மா உள்ளேயிருந்து, "ஆஃப் பண்ணித் தொலையேண்டா" என்பார். நான் அன்று போட்ட திட்டில் பாதி கேமுக்குச் சேர வேண்டியதே இல்லை.

ரசிகர்களின் கோபத்தில் இப்படிச் சேராத கோபங்கள் நிறைய கலந்திருந்தன. கேம் வருவதற்குச் சில மாதம் முன்பு, கன்னியாஸ்திரி வேடத்தில் துப்பாக்கி தூக்கி வரும் பெண்களை 47 அடித்துக் கொல்வதாக ஒரு டிரெய்லர் விட்டார்கள். உலகம் முழுக்கக் கண்டனம், வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. முந்தைய பாகங்களுக்கு இசையமைத்த ஜெஸ்பர் கிட் இதில் இல்லை. 47-க்குக் குரல் கொடுத்த டேவிட் பேட்சனும் இல்லை என்று முதலில் பேச்சு எழுந்தது, பிறகு அவரே திரும்ப வந்தார். டிஸ்க்கைப் போடும் முன்பே பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டோம்.

மறுபக்கம், 'கான்ட்ராக்ட்ஸ்' என்ற நல்ல விஷயத்தைத் திட்டுகிற வேகத்தில் நாங்கள் பேசவே இல்லை. ஒரு லெவலில் நடமாடும் எந்த ஆளையும் இலக்காகக் குறித்து, எந்த உடையில், எந்த ஆயுதத்தில் நாம் முடிக்கிறோமோ அதையே நிபந்தனையாக்கி அடுத்தவனுக்குச் சவால் விடலாம். கதவு தேடும் லெவல்கள்கூட அதில் உயிர் பெற்றன. என் நண்பன் ஒருவன் எனக்கு விட்ட சவாலை முடிக்க இரண்டு வாரம் ஆனது. 2018 மே மாதம் ஐரோப்பாவில் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இதன் சர்வர்களை மூடிவிட்டார்கள். 9 கொடுத்த ரிவ்யூ இன்றும் அப்படியே இருக்கிறது. சித்தி பையன் வாங்கியதில் கான்ட்ராக்ட்ஸ் இல்லை.

2013 மார்ச்சில் கேமை வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் விற்பனைக் கணக்கைச் சொன்னது. அப்சொல்யூஷன் 36 லட்சம் பிரதிகள். அது எதிர்பார்த்ததற்குக் குறைவாம். அந்த ஜூனில் கேமை உருவாக்கிய கோபன்ஹேகனின் ஐஓ இன்டராக்டிவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலை போனது. அந்தச் செய்திக்குக் கீழே "நல்லா வேணும்" என்று எழுதிய ரசிகர்களும் உண்டு. மாறுவேட விதி பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு மனிதனுக்கு வேலை போகலாமா? நான் சத்தம் போடுவதை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

அதே ஆட்கள்தான் அப்புறம் 2016-இல் பாரிஸ், சபியென்ஸா என்று ஊர் ஊராகப் பெரிய லெவல்களோடு வந்தார்கள். 2017-இல் ஸ்கொயர் எனிக்ஸ் கைகழுவியபோதும் ஹிட்மேனைக் கையோடு எடுத்துக்கொண்டு தனி நிறுவனமாக நின்றார்கள். 2018-இல் மும்பைக்கே வந்துவிட்டார்கள். முகமே தெரியாத இலக்கை அந்த ஜனக்கூட்டத்தில் தேட வேண்டிய லெவல் அது. சித்தி பையனுக்கு உயிர்.

அதனால்தான் அவனுக்கு நீண்ட பதில் எழுத உட்கார்ந்தேன். "போலீஸ் உடையைக் கழற்றிப் போடு, கோட் சூட்டையே போட்டுக்கோ, பதுங்கியே போயிடு, அந்த லெவலுக்கு அதுதான் வழி" என்று தட்டி முடிப்பதற்குள் அவனிடமிருந்தே அடுத்த மெசேஜ் வந்தது. லைப்ரரியைப் பாதியில் விட்டுவிட்டானாம். திரும்பச் சைனாடவுனுக்கே போய்விட்டானாம், இது நாலாவது தடவை.

"அண்ணே, அந்த விஷ மீனைக் கொண்டுபோய் எங்க வைக்கணும்?"